என் வாயை அறுத்திருக்கிறார்கள்

பிப்ரவரி 12, புதன்

பள்ளியின் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இருபத்தாறு பேரை ஆற்றங்கரைத் தானியக் கிடங்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். வரலாறு எடுப்பவருக்குக் காய்ச்சல். புவியியல்காரியான என் தலையில் விழுந்தது. மழை வேறு.

அங்கே இடைக்காலத் தெரு ஒன்று அமைத்து ஆளுயரப் பொம்மைகளை நிறுத்தியிருக்கிறார்கள். 1998 கோடையில் அதைக் கட்டியபோது அயர்லாந்தின் இந்தக் கில்கென்னி ஊர்க்காரர்களின் முகங்களையே அச்செடுத்து வார்த்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழல், புருவத்தில் வாஸ்லைன், முகம் முழுக்கச் சாந்து, இருபது நிமிடம் அசையாமல் கிடந்தேன். முடிந்ததும் ஒரு ஹாம் சாண்ட்விச் கொடுத்தார்கள். என் முகம் மெழுகுவர்த்தி விற்கும் பெண்ணுக்குப் போனது. கூடையும் வெள்ளைத் தலைத்துணியுமாக நல்ல பெண். அவளைப் போய்ப் பார்த்து ஏழெட்டு வருடம் இருக்கும்.

இன்று அவள் அந்த இடத்தில் இல்லை. தெருவின் நடுவில் ஒரு தண்டனைப் பலகை. அதன் ஓட்டைகள் வழியாக அவள் தலையும் இரண்டு கையும் நீட்டிக்கொண்டிருந்தன. கன்னத்தில் சிவப்புப் புண் வரைந்திருந்தது. மூடியிருந்த வாயை ரம்பத்தால் அறுத்துத் திறந்து, உள்ளே கறுப்பாக ஒரு ஒலிபெருக்கி. கீழே எழுத்து: "வாயாடி. தெருவில் சண்டை போட்ட பெண்களுக்கு இதுதான் கதி." பக்கத்தில் ஒரு வாளி நிறைய ஈர ஸ்பாஞ்சு. எறிய! பிள்ளைகள் எறிய! ஒரு பொத்தானும் உண்டு. அழுத்தினால் கிறீச்சிட்டுக் கத்துகிறாள்.

"மிஸ்... மிஸ், அது நீங்கதானே?"

"டேய், ஆமாடா! மூக்கப் பாரு!"

அப்புறம் பொத்தானை யாரும் விடவே இல்லை. நான் என்ன செய்தேன்? "வரிசையில நில்லுங்க" என்றேன். அவ்வளவுதான். வரிசையில் நின்று எறிந்தார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

பிள்ளைகள் எடுத்த வீடியோ பள்ளி முழுக்கப் போய்விட்டது. ஆசிரியர் அறையில் சக ஆசிரியை மரேட் டீயைக் கலக்கிக்கொண்டே, "நீ கோவப்பட்டா, அந்தப் பலகையில எழுதினது சரின்னு ஆயிடும்டீ, பாத்துக்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பிப்ரவரி 15, சனி

அருங்காட்சியக இயக்குநர் ரோனனைப் பார்க்கப் போனேன். போன இலையுதிர்காலத்தில் வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். மிகவும் மரியாதை. நாற்காலி இழுத்துப் போட்டார், பிஸ்கட் கொடுத்தார்.

"அது நீங்கதானா? அடடா! எங்க கூட்டத்துல பாதிப் பேர் அதுக்குத்தான் வர்றாங்க, தெரியுமா?"

"அத எடுத்துடுங்க."

"புரியுது, புரியுது டெர்வ்லா. விடுங்க, நான் பாத்துக்கறேன்."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதன் அர்த்தம் தெரியாதா? ஒன்றும் செய்யமாட்டேன் என்று யாரும் இங்கே சொல்வதில்லை. "நான் பாத்துக்கறேன்" என்பார்கள். நாமும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருவோம். நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மழைக்கோட்டுப் பையில் அவர் கொடுத்த பிஸ்கட் ஒன்று.

பிப்ரவரி 20, வியாழன்

அரைப்பருவ விடுமுறை. திங்களிலிருந்து ஊரில் திறந்திருக்கும் அருங்காட்சியகம் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறேன். கோட்டை, பழைய வணிகர் வீடு, கல்லறைக் கற்கள் வைத்திருக்கும் தேவாலயம். ஒரே ஒரு கணக்கு எடுக்க: பெண்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? கோட்டையில் ஓவியச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் நாய். தேவாலயத்தில் கணவன் பக்கத்தில் கல்லாகப் படுத்திருக்கிறார்கள், கைகூப்பி. வணிகர் வீட்டில் பானையைக் கிளறுகிறார்கள். வாயைத் திறந்திருப்பவள் இந்த ஊர் முழுக்க ஒருத்திதான். அவள்மேல் ஸ்பாஞ்சு எறிகிறார்கள்.

கடைசியாகத் தானியக் கிடங்குக்கே போனேன். அங்கே ஒரு கிழவர் என் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். என் பொம்மையின் முகத்தை.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் நிதானமாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார்.

"ஓ, நீதானா அது? வயசாயிடுச்சே உனக்கு."

ஃபின்டன். ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபத்தெட்டு வயது. தண்டனைப் பலகைக்குப் பக்கத்தில் கோழியை இடுக்கிக்கொண்டு நிற்கும் பெண் அவர் மனைவி ப்ரீடா. இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதே கோடையில் அதே அறையில் அச்சுக்கு முகம் கொடுத்தவள். எனக்கு அவளை நினைவில்லை.

"சாந்து பூசும்போது சிரிச்சிட்டா. விரிசல் விட்டுப்போச்சு. ரெண்டாவது தடவ பூசினாங்க, அப்பவும் சிரிச்சா. அந்த வாய்க் கோணலப் பாரு. அது கோணல் இல்ல, சிரிப்ப அடக்குறா."

வியாழன்தோறும் வருகிறாராம். வாரத்தில் நடந்ததை அவளிடம் சொல்வாராம்.

"எறியற பசங்களுக்குக் குறியே சரியில்லம்மா. பாதி இவ மேலதான் விழுது. இவளத் தொடைக்கும்போது உன்னையும் தொடைச்சு விடுவேன். சும்மா விட மனசு வரல."

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, பலகையிலதான் முன்னாடியே எழுதிப் போட்டிருக்கே" என்றார். இந்த ஊரில் அந்தப் பகடியைச் சொல்லாத ஆள் இனி மிச்சமில்லை. ஆனால் இவர் சொன்னபோது சிரிப்பு உண்மையாகவே வந்தது.

பிப்ரவரி 22, சனி

1998-இல் கையெழுத்துப் போட்ட தாள் கிடைத்தது. "வார்ப்பை எவ்வகையிலும் மாற்றவும் பயன்படுத்தவும் சம்மதிக்கிறேன்." கீழே என் கையெழுத்து, ஒரு சுழி வைத்து, பெருமையாக. முட்டாள். முட்டாள். முட்டாள்.

மார்ச் 1, சனி

கடிதம் எழுதினேன். ரோனனுக்கு ஒன்று, நகரசபைக்கு ஒன்று, ஊர்ப் பத்திரிகைக்கு ஒன்று. மூன்று முறை திருத்தி எழுதினேன். முதல் இரண்டிலும் "தயவுசெய்து" இருந்தது. மூன்றாவதில் இல்லை.

"பெண்களை அடித்து விளையாட நம் பிள்ளைகளுக்கு வாளியில் ஸ்பாஞ்சு கொடுக்கிறீர்கள். அந்தத் தெரு முழுவதுமே அவமானம்." இப்படி முடித்தேன். முழுவதுமே. எழுதும்போது அந்தச் சொல் நன்றாக இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

ஊர்ப் பத்திரிகையில் மூன்றாம் பக்கம். "'என் முகத்தைத் திருப்பிக் கொடு': ஆசிரியை ஆவேசம்." ஆவேசமாம். ஒரு ஆண் எழுதியிருந்தால் கண்டனம் என்று போட்டிருப்பார்கள். ரொட்டிக் கடையில் இரண்டு பெண்கள் முன்பின் தெரியாமலேயே என் கையைப் பிடித்து, நல்லா கேட்டே என்றார்கள்.

மார்ச் 12, புதன்

ரோனன் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பிஸ்கட் இல்லை.

"நகரசபை ஒத்துக்கிச்சு. தெருவையே எடுத்துடறோம். எல்லாப் பொம்மையும். 28-ஆம் தேதி லாரி வருது. அந்த இடத்துல தொடுதிரை வைக்கிறோம். சந்தோஷமா?"

சந்தோஷம்தான். சத்தம்போட்டுச் சிரித்தேன். மரேட்டுக்குச் செய்தி அனுப்பினேன். எலுமிச்சைக் கேக் வாங்கி வந்து நின்றபடியே பாதி தின்றேன். ஒரே ஒருமுறை, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, கேட்டேன், கிடைத்தது.

மார்ச் 13, வியாழன்

பள்ளி வாசலில் ஃபின்டன். தொப்பி கையில். பேருந்துகள் போகும்வரை ஒதுங்கி நின்று காத்திருந்தார்.

"நீ கேட்டது உன் மூஞ்சிய. போறது என் வீட்டுக்காரி."

அவ்வளவுதான் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், அவளை நான் நினைக்கவே இல்லை. பிப்ரவரி 20-இல் இத்தனை எழுதிவைத்தேனே, ஒன்பது நாள் கழித்துக் கடிதம் எழுதும்போது அவள் எங்கே போனாள்? முழுவதுமே என்று எழுதின கை இதுதான்.

"நான் சரிபண்ணிடறேன்" என்றேன்.

"நான் பாத்துக்கறேன்னு சொல்றியா?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

ரோனனைக் கேட்டேன். ப்ரீடாவின் தலையை மட்டும் ஃபின்டனுக்குத் தரச் சம்மதித்தார். உடனே ஓடினேன் அவர் வீட்டுக்கு. நல்ல செய்தி கொண்டு வருகிறவள்போல, மூச்சு வாங்க.

கதவிலேயே நிறுத்திவிட்டார்.

"தலைய வாங்கிட்டு வந்து எங்க வைக்கச் சொல்ற? ரேடியோ மேலயா?"

"பக்கத்துலயே இருப்பாங்கல்ல..."

"இந்த வீட்டுல அவ இல்ல. நாலு வருஷமா தினமும் எனக்கு அது தெரியுது. அங்க போனா, ஒரு மணி நேரம், கோழிய வச்சுக்கிட்டு நிக்கறா. சவரம் பண்ணிட்டு, ஷூ போட்டுக்கிட்டு, பாலம் தாண்டி அவளப் பாக்கப் போறேன். இங்க கொண்டுவந்தா அது வெறும் தலைம்மா."

கெட்டில் உள்ளே கொதித்து ஊதிக்கொண்டிருந்தது. டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் யார் வீட்டு வாசலிலும் எனக்கு இப்படி நடந்ததில்லை.

மார்ச் 17, திங்கள்

புனித பாட்ரிக் நாள். ஊர்வலச் சத்தம் சன்னல் வரை வந்தது. போகவில்லை. யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. எல்லார்மேலும். அதிகம் என்மேல்.

மார்ச் 21, வெள்ளி

ரோனன் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். தெரு இருக்கட்டும் என்றேன். நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார்.

"எடுன்னீங்க. எடுக்கறோம். இப்ப எடுக்காதேங்கறீங்க. உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

"தப்பா எழுதிட்டேன். முழுத் தெருவையும் இழுத்தது என் தப்பு. ஆனா ஸ்பாஞ்சு தப்புதான். அந்தப் பொத்தான் தப்புதான். அதுல ஒரு சொல்லையும் நான் திருப்பி வாங்கிக்கல."

"ஸ்பாஞ்சு இல்லாம யாருங்க வருவா?"

"வியாழக்கிழமை ஒருத்தர் வர்றார். நாலு வருஷமா. அவர் பேரு தெரியுமா உங்களுக்கு?"

தெரியவில்லை. தன் கட்டடத்துக்கு இருநூறு முறை வந்தவரின் பெயர் தெரியவில்லை! நான் கத்தினேன். வெளியே சீட்டு கொடுக்கும் பெண் எட்டிப்பார்த்தாள். பார்க்கட்டும். ஃபின்டன் யார், ப்ரீடா யார், அந்தக் கோணல் வாய் எப்படி வந்தது, எல்லாவற்றையும் கத்தியே சொன்னேன். கத்தி முடித்தபோது ரோனன் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"உங்க புகார எழுத்துல வாபஸ் வாங்கினாத்தான் நகரசபை கேக்கும். அப்ப உங்க பொம்மையும் இருந்தாகணும். அந்த இடம் காலியா இருக்க முடியாது."

அதாவது, அவள் நிற்க வேண்டுமென்றால் நானும் நிற்க வேண்டும்.

"பலகையிலிருந்து எறக்குங்க. கூடையக் கையில குடுங்க. அந்த எழுத்த எடுங்க."

"வாய் என்ன பண்றது? ஒட்டினா தழும்பு தெரியும். புதுசா வார்க்க ஆள் இல்ல."

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன், அவசரப்படாமல்.

"தொறந்தே இருக்கட்டும்" என்றேன்.

வாபஸ் கடிதத்தை அங்கேயே எழுதினேன். தோற்றதுபோலத்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

லாரி வரவில்லை. நேரில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். அவர் வார்த்தையை நம்பி வீட்டில் இருக்க நான் தயாராக இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கடைசிப் பாடவேளை இல்லை. நான்கு மணிக்குப் போனேன். ஃபின்டன் ஏற்கெனவே அங்கே இருந்தார், ப்ரீடாவிடம் யாரோ பக்கத்து வீட்டுக்காரரின் புது வேலியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அது போதும்.

வாளி இல்லை. பொத்தான் இருந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை. மெழுகுவர்த்திக்காரி கூடையோடு நிற்கிறாள். புண்ணைச் சரியாக அழிக்கவில்லை, கன்னம் ஒருபக்கம் வெயில்பட்டதுபோலச் சிவந்திருக்கிறது. அதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வாய் அகலத் திறந்திருக்கிறது.

ஒரு சிறுமி அம்மாவின் கையை இழுத்து, "இவ எதுக்கு கத்தறா?" என்று கேட்டாள். அம்மாவுக்குத் தெரியவில்லை. ஃபின்டன் வேலிக் கதையை விட்டுத் திரும்பினார்.

"கத்தல பாப்பா. மெழுகுவத்தின்னு கூவுறா. கூவாம எப்படி விப்பா?"

சிறுமி கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு மூடும் நேரம் என்று சொல்ல ரோனன் சாவிக்கொத்தோடு வந்தார். ஃபின்டன் இன்னும் பேசி முடிக்கவில்லை. நான் வழியில் நின்றேன். அவரையே பார்த்தேன். ரோனன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவசரமில்ல, ஃபின்டன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், மழையில் ஒதுங்கி நின்றுகொண்டார்.