பூண்டு அறையில் வைத்த மருந்து

18-8-1958

அன்புள்ள அத்தான்,

குழந்தையின் நீரிழிவுக்கு ஊசியை நிறுத்திவிட்டு, அத்தை சொல்கிற சிறுகுறிஞ்சான் இலைச் சாறு மட்டும் கொடு என்று எழுதினீர்கள். சாறு கொடுத்தேன். ஊசியை நிறுத்தவில்லை. மருந்தைப் பூண்டு மூட்டை அடுக்கும் குளிர்ந்த அறையில் ஒளித்துவைத்து, யாருக்கும் தெரியாமல் போட்டுவந்தேன். அவள் தேறியதும் அத்தை ஊரெல்லாம் இலையைப் புகழ்ந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இன்று பாச்சலூரிலிருந்து அன்னக்கொடி அக்கா இலை பறிக்க வந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் நேத்தோட ஊசிய நிறுத்தி, இருந்த மருந்தையும் கொட்டியாச்சு, தாயி. ஒம் மகதான் சாட்சி."

அத்தை முன்னாலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். இருந்த இரண்டு புட்டியில் ஒன்றை அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். மிச்சம் ஒரு வாரம் வரும்.

அத்தை என்னோடு பேசவில்லை. நீங்களும் பேச வேண்டாம். மருந்தோடு மட்டும் வெரசா வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா