அமைதியான ஆண்டு

சிவகாசி
27.1.2025

அன்புள்ள ராஜபாண்டிக்கு,

உன் பார்சல் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. பிரித்ததும் போன் போட்டேன். நீ "என்ன, என்ன" என்று கேட்க, நான் கத்த, மெஷின் ஓட்டுகிறவன் நான் யாருடனோ சண்டை போடுகிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இருபது வருஷம் குண்டுவீச்சு விமானத்தில் பறந்து காதைத் தொலைத்தவனிடம் போனில் பேசுவது வீண் வேலை. பழையபடி காகிதம்தான் நமக்கு லாயக்கு.

காலண்டர் சீசன் முடிந்து மெஷின் சும்மாதான் கிடக்கிறது. ஏப்ரலில் உங்கள் படைப்பிரிவுக்கு அறுபதாம் ஆண்டு விழா என்றால், மார்ச் கடைசியில் உன் வரலாற்றுப் புத்தகம் அச்சாகிக் கைக்கு வந்துவிடும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் ஒரே பெஞ்சில் படித்தவன் என்று சலுகை கிடையாது. புரூஃபில் பக்கத்துக்குப் பக்கம் நீ கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் பிளேட் போடுவேன். கையெழுத்து இல்லாமல் ஒரு கமாவைக்கூட நான் இதுவரை மாற்றியதில்லை.

லட்சுமிகாந்தம் கைப்பிரதிக் கட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நம்ம கிருஷ்ணன் இருந்த இடத்தப் பத்துன புஸ்தகம், நம்ம பிரஸ்ஸுலயே அச்சாகுது பாத்தீகளா" என்றாள். அந்த ஏவுகணை தீப்பிடித்து எங்கள் மகன் போனதிலிருந்து இந்த வீட்டில் அவள் இப்படிக் குரலெடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

பைண்டிங்கில் சோலையம்மாள் இருக்கிறாளே, அச்சங்குளத்துக்காரி, நீ பார்த்திருப்பாய். கிருஷ்ணன் லீவில் வரும்போதெல்லாம் "என்ன தம்பி, அங்கன ராக்கெட்டு தீந்து போச்சுன்னு இங்கன வாங்க வந்தீகளா" என்று கிண்டல் பண்ணுவாள். அவள் இன்று வந்து நின்று, "மொதலாளி, தம்பி பேரு எந்தப் பக்கத்துல வருதுன்னு மட்டும் சொல்லுங்க. அந்தத் தாள நானே மடிக்கேன்" என்றாள். பார்த்து எழுதியனுப்பு.

உன்
செந்தூர்பாண்டி


கோயம்புத்தூர்
2.2.2025

என் செந்தூருக்கு,

உன் கெடுபிடியைப் படித்துச் சிரித்தேன். விமானப்படையிலேயே இவ்வளவு கிடையாது. மகள் ரோஷினியிடம் படித்துக் காட்டினேன். "அந்த மாமா உங்களுக்குச் சரியான ஆளுதான்" என்றாள். எனக்குக் கேட்க வேண்டுமென்று இரண்டு முறை சொன்னாள்.

எழுத உட்கார்ந்தபோது கை குண்டுவீச்சுக் காலத்துக்குத்தான் ஓடியது. விமானத்தின் மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே மணல் நகர்வதைப் பார்த்தபடி இலக்குக்கு வழி சொல்வது என் வேலை. உடம்பெல்லாம் நடுங்கும். குளிரா பயமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கடைசி விமானத்தை ஓய்வுக்கு அனுப்பிய அன்று எங்கள் பைலட்டுகள் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதன் பிறகு அதே கொடி, அதே சின்னம். ஆனால் கொட்டகையில் ஏவுகணை ஏற்றிய லாரிகள். பறந்த கூட்டம் தரையில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும்படி ஆயிற்று. நான் அதற்குள் வெளியே வந்துவிட்டேன். கிருஷ்ணன் உள்ளே போனான். மாமா இருந்த பிரிவுக்கே போவேன் என்று அவன் அடம்பிடித்தது உனக்கு நினைவிருக்கும்.

இதையெல்லாம் யாராவது எழுதி வைக்காவிட்டால் எங்களோடு மண்ணாகிவிடும். எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. இந்தப் புத்தகம் ஒன்றுதான் இனி நான் செய்வதற்கு மிச்சம்.

ஏவுகணைக் காலத்து அத்தியாயங்களை, இப்போது பிரிவில் இருக்கிற அதிகாரிகள் குழு ஒன்று பார்த்துத் திருத்தியிருக்கிறது. தங்கச்சி லட்சுமிகாந்தத்தைக் கேட்டதாகச் சொல். சோலையம்மாளுக்கான பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

உன்
ராஜபாண்டியன்


சிவகாசி
11.2.2025

அன்புள்ள ராஜபாண்டிக்கு,

புரூஃபை உனக்கு அனுப்பிவிட்டு நானும் வாசிக்க உட்கார்ந்தேன். நூற்று நாற்பத்தேழாம் பக்கம் வரை வந்துவிட்டேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நீ குப்புறப் படுத்திருந்த இடத்தில் நானும் படுத்திருந்த மாதிரி இருந்தது. அது வரைக்கும் சந்தோஷம்.

2011-க்கு வந்தேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. பிரிவுக்கு அது அமைதியான ஆண்டாம். குறிப்பிடும்படி ஒன்றும் நிகழவில்லையாம். தாள் மாறி வந்துவிட்டதோ என்று முன்னும் பின்னும் புரட்டினேன். முந்தின வருஷம் கால்பந்துக் கோப்பை வாங்கியது இருக்கிறது. அடுத்த வருஷம் சாப்பாட்டுக் கூடம் புதிதாகக் கட்டியது இருக்கிறது.

ஒன்றும் நிகழாத அந்த வருஷத்தில்தான், ராஜபாண்டி, என் மகனைப் பெட்டியில் கொண்டுவந்தீர்கள். கொடி போர்த்தி, துப்பாக்கி சுட்டு, சூலக்கரை ஆபீஸிலிருந்து கலெக்டர் வந்து மாலை வைத்துவிட்டுப் போனார். நீயும் கூடவே வந்தாய். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று லட்சுமிகாந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டவன் நீதான். அதே விபத்தில் அவனோடு செத்துப்போன பஞ்சாப் பையன் பெயரையும் தேடினேன். அதுவும் இல்லை.

சோலையம்மாள் மறுபடியும் கேட்டாள். "பாத்துச் சொல்றேன்" என்றேன். அவள் கதையை உனக்குச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் சங்கிலிமுத்து, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்துச் செத்தவன். அவன் பெயர் வருகைப் பதிவில் இல்லை என்று சொல்லி, அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்று சாதித்துவிட்டார்கள். அவன் சைக்கிள் கேட் ஓரம் நின்றது. "வேலைக்கு வரலைன்னா எங்க வீட்டு ஆளு எங்கதான் போனாக மொதலாளி?" என்று என்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அவளிடம் போய் நான் என்ன சொல்ல? பட்டாளத்துக்காரர்களும் அப்படித்தான் என்றா?

அந்த வரி நீ எழுதியதா, அவர்கள் எழுதியதா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

செந்தூர்பாண்டி


கோயம்புத்தூர்
16.2.2025

என் செந்தூருக்கு,

அந்த வரியை நான் எழுதவில்லை. நான் அவனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எந்த நேரமும் சிரித்த முகம், இரண்டு வருஷத்தில் பஞ்சாபி பேசக் கற்றுக்கொண்டது, எல்லாம் எழுதினேன். குழு அதை வெட்டிவிட்டு இதை வைத்தது. பார்த்ததும் உனக்கு எழுதியிருக்க வேண்டும். எப்படி எழுதுவதென்று தெரியாமல் நாளைக் கடத்தினேன்.

குழுவின் தலைவரிடம் நேரில் போய்க் கேட்டேன். விழாப் புத்தகத்தில் விபத்து வேண்டாம் என்றார். மன்றாடினேன். கடைசியில் ஒன்று சொன்னார். பெயர் வந்தால் விசாரணையின் முடிவும் கூடவே வர வேண்டும்; அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போட முடியாது. அந்த முடிவு உனக்குத் தெரியும். ஏவுகணையை வண்டி மாற்றும் முன், தவறி வெடிக்காமல் தடுக்கும் பாதுகாப்பு முள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமலே பொறுப்பு அதிகாரி உத்தரவு கொடுத்துவிட்டார் என்பது. பொறுப்பு அதிகாரி கிருஷ்ணன். தங்கச்சிக்கு இது தெரிய வேண்டாம் என்று அன்றைக்கு நாம் இருவரும்தான் பேசி வைத்துக்கொண்டோம். அவன் நிஜமாகவே பார்க்கத் தவறினானா, இல்லை, செத்தவன் மறுத்துப் பேச மாட்டான் என்று எழுதினார்களா, எனக்கு இன்று வரை தெரியாது.

ஆக, இரண்டே வழிதான். ஒன்று, அந்த அமைதியான ஆண்டு. இல்லாவிட்டால், பிழை அவனுடையது என்ற வாக்கியத்தோடு அவன் பெயர். எது வேண்டும் என்று நீயே சொல். மாதக் கடைசிக்குள் அவர்களுக்கு நான் முடிவு தெரிவிக்க வேண்டும்.

உன்
ராஜபாண்டியன்


சிவகாசி
23.2.2025

அன்புள்ள ராஜபாண்டிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? அந்த அமைதியான ஆண்டையே விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. என் பிள்ளை தப்புப் பண்ணினான் என்ற வரி என் மெஷினிலேயே ஓடுவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்? ஆனாலும் பெற்றவளைக் கேட்காமல் பதில் சொல்ல மனசு வரவில்லை. முந்தாநாள் சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இம்புட்டு நாளா எனக்கு மறைச்சிட்டீகளே" என்றாள். கொஞ்ச நேரம் எழுந்து போய் அவன் போட்டோவுக்கு முன்னால் நின்றாள். பிறகு வந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் தப்பே பண்ணியிருக்கட்டும். மனுசன்னா ஒரு நாளு கண்ணு தப்பத்தான் செய்யும். அதுக்காக அவன் அங்கன இல்லவே இல்லன்னு சொல்லிருவாகளா? எம்பிள்ள அங்கன நின்னான், அங்கனதான் செத்தான். சோலையம்மா புருசனுக்குச் செஞ்ச மாதிரி எம்பிள்ளைக்கும் செய்யாதீக. பழி போட்டு எழுதுனா எழுதட்டும், பேரோட எழுதச் சொல்லுங்க. அண்ணன்கிட்ட நான் கேட்டேன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். எங்கள் இருவரின் முடிவும் இதுதான். அந்தப் பஞ்சாப் பையன் பெயரையும் போட்டுவிடு. அவனைப் பெற்றவளும் எங்காவது இருப்பாள். நீ பக்கத்தை மாற்றி அனுப்பு. மெஷின் காத்திருக்கிறது.

உன்
செந்தூர்பாண்டி


கோயம்புத்தூர்
23.2.2025

என் செந்தூருக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். பிரிவிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யோசித்துப் பார்த்தேன். தன் பிள்ளைமேல் பழி அச்சேற வேண்டும் என்று எந்தத் தாய் சொல்லுவாள்? அந்தக் கேள்வியை உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டதே தப்பு. பாவத்தை நானே சுமந்துகொள்கிறேன் என்று முடிவு செய்து, நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தை உள்ளபடியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு, எல்லாப் பக்கங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குழுவுக்கும் தெரிவித்துவிட்டேன்.

தங்கச்சியிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். சொல்லவே வேண்டாம்.

உன்
ராஜபாண்டியன்


சிவகாசி
26.2.2025

ராஜபாண்டி,

நம் இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. என்னுடையது இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். லட்சுமிகாந்தம் என்ன சொன்னாள் என்று இப்போது உனக்குத் தெரியும். எந்தத் தாய் சொல்லுவாள் என்று கேட்டாயே, இந்தத் தாய் சொல்லிவிட்டாள்.

நல்லெண்ணத்தில்தான் கையெழுத்துப் போட்டாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைத் திருப்பி வாங்கிக்கொள். மார்ச் பத்தாம் தேதி வரை அந்தப் பக்கத்துக்குப் பிளேட் போடாமல் நிறுத்தி வைக்கிறேன். விழாவுக்குப் புத்தகம் வந்து சேர நான் பொறுப்பு.

நேற்று லட்சுமிகாந்தம் பிரஸ்ஸுக்கே வந்துவிட்டாள். "பிளேட்டு உங்க கையிலதான இருக்கு. ரெண்டு வரியச் சேத்து ஓட்டிருங்க, யாரு கேக்கப் போறா?" என்றாள். மாட்டேன் என்றேன். கையெழுத்து இல்லாமல் மாற்றினால் அது நான் திருடிப் போட்ட பெயராகிவிடும். அந்தப் பிரிவு சொல்லி, நீ ஒப்புக்கொண்டு, என் மகன் பெயர் வர வேண்டும். அவள் கோபத்தோடு வீட்டுக்கு நடந்தே போனாள்.

உன்னிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்தப் பக்கத்தை மாற்றிக் கொடு.

செந்தூர்பாண்டி


கோயம்புத்தூர்
7.3.2025

என் செந்தூருக்கு,

தங்கச்சி சொன்னதைப் படித்தேன். முடிந்தால் செய்ய மாட்டேனா? குழுத் தலைவருக்கு எழுதினேன். ஒப்புதல் டெல்லிக்குப் போய் வந்துவிட்டது. ஒரு சொல் மாறினாலும் புத்தகம் முழுவதும் மறுபடி அங்கே போக வேண்டும். அப்படிப் போனால் விழாவுக்குள் திரும்பாது என்றார். அவசியம் என்றால் புத்தகத்தையே நிறுத்திவிடலாம், உங்கள் விருப்பம் என்றும் சொன்னார்.

நிறுத்தச் சொல்ல என்னால் முடியவில்லை, செந்தூரு. எட்டு வருஷம் எழுதினது. என்னோடு பறந்தவர்களில் மூன்று பேர்தான் உயிரோடு இருக்கிறோம். ஒருவர் மருத்துவமனையில் கிடக்கிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிட வேண்டும் என்று தவிக்கிறேன். உனக்கு இது சுயநலமாகத் தெரியும். சுயநலம்தான்.

மறுபதிப்பு வரும்போது முதல் வேலையாகக் கிருஷ்ணன் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன். இப்போது உள்ளபடியே அச்சடித்துவிடு. விழாவுக்கு நீயும் தங்கச்சியும் அவசியம் வர வேண்டும். அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். என்மேல் கோபம் வேண்டாம்.

உன்
ராஜபாண்டியன்


சிவகாசி
29.3.2025

உயர்திரு விங் கமாண்டர் ராஜபாண்டியன் (ஓய்வு) அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கொடுத்த புத்தக வேலை முடிந்தது. ஆயிரம் பிரதிகளும் பெட்டிகளில் கட்டி இன்று லாரியில் ஏற்றப்பட்டுள்ளன. நூற்று நாற்பத்தேழாம் பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களும் தாங்கள் கையெழுத்திட்டபடியே அச்சிடப்பட்டுள்ளன. மழைத் தூறல் இருப்பதால் மேலே தார்ப்பாய் போடச் சொல்லியிருக்கிறேன். பெட்டிகளை இறக்கியதும் பிரித்து எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.

அழைப்பிதழ் கிடைத்தது. நாங்கள் வருவதற்கில்லை.

எங்கள் அச்சகத்தில் எந்த வேலை செய்தாலும், அது கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் பட்டாசு லேபிளாக இருந்தாலும், இரண்டு பிரதி எடுத்து அலமாரியில் வைத்துக்கொள்வது என் தகப்பனார் காலத்து வழக்கம். இந்தப் புத்தகத்தில் அப்படி வைக்கவில்லை. அந்த இரண்டு பிரதிகளையும் கடைசிப் பெட்டியில் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு
ர. செந்தூர்பாண்டி
உரிமையாளர்