தீர்மானம் கேட்டேன், சால்வை போட்டார்

ஆகஸ்டு 15, இரவு.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மகள் ரோசி எழுதுகிறாள்.

இன்று கிராம சபை. ஏரி நிலத்தையும் கம்பெனிகளுக்குக் கொடுக்கலாம் என்று வந்திருக்கும் சட்டத்தைப் பிரசிடெண்ட் மைக்கில் கிழி கிழியென்று கிழித்தார். என் கழனிக்கு அந்த ஏரித் தண்ணீர்தான். எழுந்து நின்றேன்.

“பேசிக்கினே கீறியே தம்பி, எதிர்த்து ஒரு தீர்மானம் போடு. மொத கைநாட்டு என்னுது.”

அவர் இறங்கி வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். “பெரியவர் மனசுதான் என் மனசு!” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அதோடு கூட்டத்தை முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரோசி சிரித்தாள். “இன்னாப்பா, புது மாப்ள கணக்கா வர்ற?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டத்தைத் திட்டினால் ஊர் ஓட்டு அவருக்கு. தீர்மானம் போடாவிட்டால் கம்பெனிக்காரர்களுக்கும் அவர் நல்லவர். அவர் அப்பா பிரசிடெண்டாக இருந்தபோது மேய்ச்சல் நிலம் இப்படித்தான் போனது. அன்றும் நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த கூட்டம் அக்டோபரில்தான். அதற்குள் ஏரியை அளக்க வந்துவிட்டால், ஊர் எதிர்த்தது என்று காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. நாளை காலை அவர் வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டும். அங்கே கைதட்ட ஆள் இருக்காது.

ரோசிக்குக் காலை ஷிப்ட். கண் சொருகுகிறது.