கன்னத்தில் ஒதுக்கிய ஐந்து அரிசி

என் அருமை அக்கா,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. நீ இருந்தவரை உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் கோலசிலாங்கூர்த் தோட்டத்திலிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்கு நடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் மகன் முத்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். மடிப்பிச்சை எடுத்து நடந்தே வந்து சேர்க்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, லயத்தில் வீடு வீடாக மடியேந்தினாய். பங்கீட்டு அரிசிக் காலம். ஆளுக்கு ஒரு சிட்டிகைதான் போட்டார்கள். சேர்ந்தது இரண்டு கைப்பிடி.

காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வேலியைத் தாண்டி ஒரு மணி அரிசிகூடக் கொண்டுபோக விடாத காலம் அது. பிடித்தால் விசாரணையே இல்லாமல் உள்ளே போடுவார்கள். நீயோ, சாமி அரிசி அந்தச் சட்டத்தில் சேராது என்று நினைத்துவிட்டாய். உன்னை என்ன சொல்ல? அதை மடியில் கட்டிக்கொண்டதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் வேலிக் கதவைத் திறந்த காவல்கார ஜாகாவும் மஞ்சள் சேலையைப் பார்த்துச் சும்மா விட்டுவிட்டார்.

சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரம். மரத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவும் பயம், பார்க்காமல் நடக்கவும் பயம். எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி, "வளைவு தாண்டி ரோட்ட அடைச்சிருக்கானுங்க. பொம்பளைங்களயும் சோதிக்கிறாங்க" என்றார். அப்போதுதான் நீ மடியைத் தொட்டுக் காட்டினாய்.

"கொட்டிடுக்கா."

"எங்கடி கொட்டுறது? ரோட்டோரம் கெடந்தா காட்டுக்காரனுக்கு வச்சோம்பான். சாமி அரிசி. மெல்லு."

நடந்துகொண்டே தின்றோம். நீ அழுதபடி மென்றாய். விரதமும் போயிற்று, காணிக்கையும் போயிற்று, பிள்ளையும் போய்விடுவானோ என்றுதானே அழுதாய்? எனக்குத் தாங்கவில்லை. ஐந்து அரிசியை மட்டும் விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

உன்னைச் சோதித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சோதனைக்கு நின்ற தமிழ்ப் பெண், "வாயில என்னா?" என்று கேட்டாள்.

"பல்லு வலி. கிராம்பு."

"தொற லா."

திறந்தேன். துப்பாக்கியோடு நின்றவன் என்னவென்று மலாயில் கேட்டான். "கிராம்பு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, என் காதோரம் குனிந்து, "கிராம்பு எப்பலேருந்து வெள்ளையாச்சு? சீக்கிரம் நட" என்றாள்.

மறுநாள் பத்துமலையில் வெறும் மடியோடு நின்றாய். சாமி முன்னால் தலையே நிமிரவில்லை உனக்கு. நான் முந்தானையில் முடிந்து வந்த அந்த ஐந்து அரிசியை உனக்குத் தெரியாமல் கடைசிப் படியில் வைத்தேன். என் எச்சில் பட்ட அரிசி, அக்கா. சாமிக்கு எச்சிலை வைக்கலாமா?

திரும்பி வந்தபோது முத்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். நீ சந்தோஷத்தில் அழுதாய், நான் பயத்தில் அழுதேன். அவனுக்குத் தலை வலித்தாலும் பயம், லோரி ஓட்டப் போனாலும் பயம். நான் செய்த பாவம் அவனை இன்றைக்குப் பிடிக்குமோ, நாளைக்குப் பிடிக்குமோ என்றே என் காலம் போயிற்று.

அவனுக்கு இப்போது அறுபது முடிந்துவிட்டது. போன வாரம் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எச்சிலோ என்னமோ சின்னம்மா, நான் இருக்கேன்ல" என்று சொல்லி இன்னொரு கரண்டி கேசரி போட்டுக்கொண்டான். டாக்டர் சொன்னால் கேட்கிறானா?

வரும் தைப்பூசத்துக்கு நான் மடியேந்துகிறேன். முழங்கால் விடும் தூரம் நடப்பேன், மீதிக்கு முத்துவின் கார். ஒரு மணி அரிசியையும் வாயில் போடாமல், உன் பேரைச் சொல்லிச் சேர்த்துவிடுகிறேன். அன்றைக்காவது நீ தலை நிமிர்ந்து நில், அக்கா.

உன்னோடு மென்ற தங்கை,
செல்லம்மா