அந்தத் தட்டு சிவந்துவிட்டது, அம்மா

என்னை வம்புக்கு இழுக்காமல் ஒருநாளும் வேலைக்கு அனுப்பாத அம்மாவுக்கு,

நேற்று ஆய்வகத்தில், செல் வளர்க்கும் அந்தத் தட்டு சிவந்துவிட்டது. உன்னிடம் சொல்லத்தான் முதலில் கைபேசியை எடுத்தேன். நீ போனபின் கிள்ளான் வீட்டில் யார் எடுப்பார்கள்?

தீபாவளிக் காலையிலும் எண்ணெய்த் தலையோடு கிளம்புவேனே. வளர்கிற செல்களுக்குப் பண்டிகை தெரியாது. சத்துநீரை மாற்றாவிட்டால் செத்துவிடும். "யாரு வீட்டு எலும்புக்கோ சோறு ஊட்டப் போறா பாரு. இங்க ஒரு எலும்பு உயிரோட உக்காந்திருக்கு, அதுக்கு யாருலா தோசை ஊத்துறது?" என்று சித்தியிடம் சொல்லிச் சிரிப்பாய்.

உன் இடுப்பு எலும்பு முறிந்தபோது, அறுவை சிகிச்சையில் எடுக்கும் துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று தாதி கேட்டாள். "எடுத்துக்கம்மா. எம்மவ அதுக்காவது மரியாதை குடுப்பா," என்றாய்.

அந்த மருத்துவமனையிலிருந்துதான் எங்கள் ஆய்வகத்துக்கும் எலும்பு மஜ்ஜை வருகிறது. எலும்பாக வேண்டிய செல்கள், வயதானவர்களிடம் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகின்றன. "கிழட்டு செல்லோட ஏன்கா மல்லுக்கட்டுறீங்க? இளசுங்களோடத வச்சி முடிச்சிடுங்க லா," என்றான் உடன் வேலை செய்யும் சரவணன். இந்த முறையும் தோற்றால் முதியவர்களின் செல்களை ஆய்விலிருந்து நீக்கிவிடலாம் என்று பேராசிரியரும் சொல்லிவிட்டார்.

நான் விடவில்லை. எலும்பு கட்டும் மரபணுக்கள் அழிந்துபோகவில்லை, அம்மா. அவற்றின்மேல் ஒட்டிய சிறு வேதிக் குறிகள் அவற்றை வாய்திறக்க விடாமல் வைத்திருக்கின்றன. அந்தக் குறிகளைத் தளர்த்தும் மருந்தைச் சில நாள் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

நேற்று சாயம் ஊற்றினோம். சுண்ணாம்புச் சத்து படிந்த இடம் மட்டும் அதில் சிவக்கும். மருந்து தராத தட்டு வெளிறிக் கிடந்தது. தந்தது, வெற்றிலை போட்ட வாய்போல் சிவந்தது.

"அக்கா, இவங்க பாட்டிங்களா, இல்ல தெனம் பத்துமலைப் படி ஏறுறவங்களா?" என்றான் சரவணன். பேராசிரியர் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதியவர்களின் செல்கள் ஆய்வில் நீடிக்கின்றன.

தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு முதியவரின் செல்கள். அவை வந்த புட்டிகளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். உன்னுடையது அதில் இருந்ததா? கேட்கக் கூடாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் எல்லாருடையதும் சிவந்தது, அம்மா. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

இது தட்டில் நடந்ததுதான். ஒருவரின் இடுப்புக்கு மருந்தாகப் போய்ச் சேர இன்னும் வெகுதூரம் இருக்கிறது. அதுவரை, என் ஆய்வகத்தில் யாரும் அவற்றைக் கிழட்டு செல் என்று சொல்ல விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பெருமையில் நேற்று தூக்கமே வராத
உன் மூத்த மகள்,
பிரிக்ஃபீல்ட்ஸ்