பூட்டில்லாத அலமாரி

சேலையூர்,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் சந்திரிகாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமா என்று நல்லபடியாகத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. நான் நலமாக இல்லை, கொதித்துப்போய் இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். போனில் பேசினால் மீட்டிங் இருக்கிறதும்மா என்பாய். அதனால்தான் இந்தக் காகிதம். உன் சித்தப்பா மகன் கார்த்தி செவ்வாய்க்கிழமை மெல்பர்னுக்குப் புறப்படுகிறான். பருப்புப்பொடியோடும் வத்தக்குழம்புப் பொடியோடும் இதையும் அவன் பெட்டியில் வைக்கிறேன். பொடியைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் பிரி.

காந்தா தசரதன் அம்மாவின் பவள விழா மலர் வந்துவிட்டது. அவருடைய நாவல்களை முதன்முதலில் எப்படிக் கண்டடைந்தோம் என்று வாசகர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். உன் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவைச் சிமென்ட் கடையிலிருந்து கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியிலேயே நிறுத்திவிட்டேன்.

'எங்கள் வீட்டில் நாவல் என்பது குற்றம். காந்தா தசரதனைத் தொடவே கூடாது என்று அம்மா தடை போட்டிருந்தார். அவர் பூட்டி வைத்த அலமாரியிலிருந்து திருடித் திருடிப் படித்துத்தான் நான் வாசகியானேன்.' இப்படி எழுத உனக்குக் கை கூசவில்லையாடி? அந்த அலமாரிக்கு எந்தக் காலத்தில் பூட்டு இருந்தது? கதவே சரியாகச் சாத்தாது, கீழே காகிதத்தை மடித்துச் செருகினால்தான் நிற்கும். அந்தக் காகிதத்தை மடித்துச் செருகினவளே நீதானே!

சரி, பூட்டை விடு. தடை போட்ட வீட்டுக்குள் அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்று என்றைக்காவது யோசித்தாயா? சிறுசேரியில் அவ்வளவு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவள், இதை யோசிக்க மாட்டாயா? உன் அப்பா வாங்கிக்கொண்டு வந்தாரா? அந்த மனிதர் சிமென்ட் மூட்டை மேல் அச்சடித்திருப்பதைத் தவிர வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை. நான்தானடி வாங்கினேன். கடைக்கு மளிகை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாம்பரம் வரைக்கும் போய் வாங்கினேன்.

எட்டாம் வகுப்பில் முதல் நாவலை உன் கையில் நான்தான் கொடுத்தேன். நினைவு இருக்காது உனக்கு. அட்டையைப் பார்த்தாய், தமிழ் நாவலா, செம போரும்மா என்று சொல்லி, அதன்மேல் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாய். அந்த வட்டம் இன்னும் அட்டையில் இருக்கிறது. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். பாகற்காய் சாப்பிடு என்றால் தட்டையே தள்ளிவிடுவாய். இது அப்பாவுக்கு மட்டும், நீ தொடாதே என்று மூடி வைத்தால் வாணலியைச் சுரண்டித் தின்பாய். அப்படிப் பிறந்த பிள்ளை நீ. அதனால்தான் மறுநாளே அந்தப் புத்தகத்தை உன் கண்ணெதிரில் எடுத்து, இதெல்லாம் பெரியவர்கள் படிப்பது, இனி இதைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று கத்தி, நீ பார்க்கிறாயா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கொண்டுபோய் ஒளித்தேன்.

அந்த அலமாரியில் எங்கே ஒளித்தேன்? முறுக்கு டின்னுக்குப் பின்னால். இந்த உலகத்தில் பிள்ளைகள் படிக்கக் கூடாத புத்தகத்தை முறுக்கு டின்னுக்குப் பின்னால் ஒளிக்கிறவள் எவளாவது உண்டா? அடுத்த நாவலைக் கொஞ்சம் கஷ்டமான இடத்தில் வைப்போமே என்று அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன். நீ வீடு முழுக்கத் தேடிவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். எனக்கே பரிதாபமாகிவிட்டது. மறுபடியும் எடுத்து டின்னுக்குப் பின்னாலேயே, ஓரம் வெளியே தெரிகிற மாதிரி நீட்டி வைத்தேன். நீயோ என்னைப் பெரிய ஏமாளி என்று மலரில் எழுதியிருக்கிறாய். அம்மா மறைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரி இல்லையாம். நல்லா இருக்குடி உன் நியாயம்!

சனிக்கிழமை தோறும் நான் திருநீர்மலைக்குப் போனேனே, அவ்வளவு பக்தியா எனக்கு? நீ நிம்மதியாகப் படிக்கட்டும் என்று போனேன். முழங்கால் வலியோடு மலையேறிப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, இந்நேரம் எந்த அத்தியாயத்தில் இருப்பாளோ என்று நினைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பஸ் சீக்கிரம் கிடைத்து முன்னதாகவே வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீ தரையில் குப்புறப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு படித்துக்கொண்டிருந்தாய். அந்த வெயிலில் வாசலிலேயே நின்று, வேண்டுமென்றே கேட்டை ஆட்டி, இருமி, எதிர் வீட்டு நாயோடு பேசி, நீ புத்தகத்தைத் திருப்பி வைக்க நேரம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். உள்ளே வந்ததும் படித்தாயா என்று ஒரு அதட்டல் வேறு. நீ இல்லையே என்று சொன்ன அழகு இருக்கிறதே! சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

இதெல்லாம் உன் அப்பாவுக்குத் தெரியும். இப்போது என்னைப் பார்த்து, உன் நடிப்புக்கு உன் மக மலர்லயே விருது குடுத்துட்டாளே மஹாலட்சுமி என்று கிண்டல் செய்கிறார். அவருக்கென்ன, அவர் கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். தெருவில் நடமாட வேண்டியவள் நான். பக்கத்து வீட்டு சுந்தரவல்லி மலரைப் படித்துவிட்டு, நம் சுவரைத் தாண்டி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவருகிற முனியம்மா கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே, இன்னாம்மா, புக்கு படிச்சா பொண்ண அடிப்பியாமே, பேப்பர்லயே போட்டுகீதாமே, பாக்க சாதுவா கீறியேம்மா என்று கேட்டாள். வந்த ஆத்திரத்தில் சங்கரா மீனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். உன் அப்பாவுக்கு அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அடுத்து வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை. தை மாதக் கடைசி ஞாயிறு மேற்குத் தாம்பரத்தில் பவள விழா. காந்தா அம்மா நேரில் வருகிறார். எங்கள் வாசகர் வட்டத்தை நடத்துகிற ராஜகோபாலன் சார், அந்த மேடையில் பொன்னாடை போர்த்துவது நீங்கள்தான் மேடம் என்று போன மாதமே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான் பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்து வாங்கி வந்தாயிற்று. முந்தாநாள் அந்த மனிதர் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தப்பா எடுத்துக்காதீங்க மேடம், மலரை காந்தா அம்மா முழுசா படிச்சுட்டாங்க, உங்க பொண்ணு கட்டுரை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதாம், நீங்க மேடையில நின்னா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமோன்னு கமிட்டியில ஃபீல் பண்றாங்க என்றார். காந்தா அம்மா எழுதினதையெல்லாம் படித்தவளைப் பார்த்து, அவர் புத்தகத்தைத் தடுத்தவள் என்று அந்தம்மா நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

காந்தா தசரதனை முதலில் கண்டுபிடித்தது யார் என்று நீ ஒருநாளாவது என்னைக் கேட்டதுண்டா? இப்போது சொல்கிறேன், கேள். நம் பின்போர்ஷனில் குடியிருந்த ரயில்வே சவுரிமுத்து சார் மாற்றலாகிப் போனபோது, ஒரு கட்டு வாரப் பத்திரிகையை விட்டுவிட்டுப் போனார். பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொன்னார் உன் அப்பா. கயிறு கட்ட உட்கார்ந்தவள், மேலே கிடந்த பத்திரிகையில் ஒரு தொடர்கதையைப் பார்த்தேன். முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது, நடுவில் ஒரு அத்தியாயம். அதில் ஒருத்தி அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே, அணைக்காமல் சும்மா நிற்பாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் தினம் அப்படி ஒரு நிமிஷம் நின்றுகொண்டுதான் இருந்தேன், சந்திரிகா. யாரிடமும் சொன்னதில்லை. இந்தம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். என் அடுப்பில் காரக்குழம்பு அடிப்பிடித்து வீடே புகை.

முதல் அத்தியாயம் இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேம்ப் ரோட்டில் இருந்த பழைய பேப்பர் கடைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கடைக்காரர், மாசமா இருக்கிற பொண்ணு தூசியில உக்காராதம்மா என்று ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். குவியல் குவியலாகப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு வாரமாகத் தேடி எடுத்தேன். வயிற்றுக்குள் இருந்தது நீதான். எனக்குத் தெரியாமல் திருடிப் படித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, உனக்குக் கண் திறக்கும் முன்பே நான் உனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். இந்தக் காகிதத்தைக் கீழே வைத்ததும் ராஜகோபாலன் சாருக்குப் போன் போடு. நம்பர் அப்பாவிடம் இருக்கிறது. எங்கள் அலமாரிக்குப் பூட்டே கிடையாது சார், எனக்கு அவரைக் காட்டியது அம்மாதான் என்று உன் வாயால் சொல். பொன்னாடை வேறு யாராவது போர்த்தட்டும், கவலையில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாலும், அந்தம்மா என்னை யார் என்று சரியாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துப் புழுங்க என்னால் முடியாது. மெல்பர்ன் வேலை வந்தபோது போகாதே என்றேன். வேண்டாம் என்றால் செய்வாய் என்று உன்னைப் பற்றி எல்லாம் தெரிந்த நானே, வாய் தவறிப் போகாதே என்றேன். போ போ என்று விரட்டியிருந்தால், கேம்ப் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறிச் சிறுசேரி போய்க்கொண்டு இங்கேயே இருந்திருப்பாயோ என்னவோ. மற்றதெல்லாம் நடிப்பு. அந்த ஒரு தடவை நான் நிஜமாகவே சொன்னேன். நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். வருஷாவருஷம் பொங்கலுக்கு வருகிறேன் என்கிறாய், டிக்கெட் விலை ஏறிவிட்டது என்கிறாய்.

மாப்பிள்ளை சூர்யாவை வெயிலில் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொல். பொடிகளை ஈரக்கையால் தொடாதே. பெருமாள் உன்னை நன்றாக வைக்கட்டும், தலைவலி காய்ச்சல் இல்லாமல் இரு.

விழாவுக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடாதே. ஒன்றும் அவசியமில்லை. காந்தா அம்மாவின் புது நாவல் வந்திருக்கிறது. நேற்றுத்தான் தாம்பரம் போய் வாங்கி வந்தேன், இன்னும் பிரிக்கவில்லை. அதை நீ படிக்கவே கூடாது, சொல்லிவிட்டேன். உன் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, முறுக்கு டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் படிக்க விடாத அம்மா,
மஹாலட்சுமி கங்காதரன்.