எட்டாம் நம்பர் ஷூ

மார்ச் 4

அன்பு மனைவிக்கு,

நலம். நலமில்லை என்று எழுதினால் உன் அண்ணனுக்குச் சந்தோஷமாகிவிடும். இந்த நாட்டில் யாரும் இங்கிலீஷ் பேசுவதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில், இங்கிலீஷ் தெரியும் என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். அந்தப் பெண் இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் ஒரு நாற்காலியைக் காட்டினாள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். எம்.ஏ. படித்தது வீண் போகவில்லை, நல்ல நாற்காலி. மாதக் கடைசிக்குள் வேலை அமையாவிட்டால் சொன்னபடி திரும்பிவிடுவேன். அமைந்தால் உன்னை அழைத்துக்கொள்வேன்.

உன் அத்தான்

மார்ச் 19

அன்பு மனைவிக்கு,

வேலை கிடைத்துவிட்டது! என் அறையில் இருக்கும் பேக்கரித் தம்பிதான் சொன்னான்: “அண்ணே, பேசுற வேலை. வேற ஒண்ணும் செய்ய வேணாம்.” கணவரை இழந்த ஒரு வயதான அம்மா. அந்தக் கணவர் வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவாராம். அந்தச் சத்தம் இல்லாமல் அந்தம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லையாம். ஆனால் அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து வாயில் வந்ததைப் பேசுகிறேன். அந்தம்மா கம்பளி பின்னிக்கொண்டே தலையாட்டுகிறார். நம் கல்யாணத்தில் எனக்குக் கிடைக்காத மரியாதை.

வாசலில் ஒரு ஷூ அலமாரி. எல்லாம் ஆண்கள் ஷூ, பளபளவென்று. ஆறு, ஏழு, ஒன்பது, பத்து என்று ஜோடிக்கொரு அளவு. அந்தக் கணவருக்குக் கடைசிவரை கால் வளர்ந்திருக்கிறது.

உன் அத்தான்

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

சந்தோஷம். அண்ணனிடம் சொன்னேன். “பேசுறதுக்குச் சம்பளமா? இத்தனை வருஷம் நம்மகிட்ட ஓசியிலயா பேசினாரு?” என்கிறான். அது கிடக்கட்டும். ஒரு ஆளுக்கு எத்தனை கால் அளவு இருக்கும்? உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யார் யார்? கேட்டு எழுதுங்கள். கேட்க முடியாதென்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 17

அன்பு மனைவிக்கு,

கேட்டேன். எனக்குத் தெரிந்த பாஷையில்தானே கேட்க முடியும்? தலையாட்டினார்.

அவர் பின்னிக்கொண்டிருந்தது எனக்குத்தான். வீட்டுக்குள் போட்டுக்கொள்ள கம்பளிக் காலுறை. கச்சிதமாக இருக்கிறது, எப்போது அளவெடுத்தார் என்று தெரியவில்லை. என் ஷூவைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எட்டுக்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்.

மழை. அந்தம்மா வீட்டு மாடி அறையிலேயே படுத்துக்கொள்கிறேன். இங்கே நன்றாகத் தூக்கம் வருகிறது. நீ வருவது பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

எத்தனை கடிதம் போட்டும் பதில் இல்லை. பேக்கரித் தம்பியிடம் போனில் பேசினேன். “அண்ணி, அந்தம்மா மறுபடியும் இங்கிலீஷ் பேச ஆள் தேடுறாங்க. போய்ப் பாத்தேன். அண்ணன் இல்ல. அவர் ஷூ மட்டும் இருக்கு, பளபளன்னு” என்றான்.

அப்படியானால் நீங்கள் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? அண்ணனிடமும் அப்படித்தான் சொன்னேன். முதல் தடவையாக அவன் எதிர்த்துப் பேசவில்லை.

ஷூ இல்லாமல் வருகிறீர்கள், கால் நோகும். எட்டாம் நம்பரில் ஒரு ஜோடி வாங்கி வாசலில் வைத்திருக்கிறேன். தினமும் துடைத்து வைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி